குழந்தை இன்னும் நடக்கல, பேசல... ஜெனடிக் டெஸ்ட் எதுக்கு? அடுத்த குழந்தைக்கு முன்னாடியே ஏன் எடுக்கணும்?

'ஒண்ணரை வயசாச்சு, இன்னும் நடக்கலைங்க.' 'கழுத்தே நிக்கலைங்க.' 'அம்மான்னு சொல்லிட்டிருந்த புள்ளைங்க, ஒரு மாசமா சொல்றதேயில்லை.'

கோவை, திருப்பூர், ஈரோடு, பொள்ளாச்சி என்று கொங்குப் பகுதியில் குழந்தை நரம்பியல் மருத்துவர்களைத் தேடி வரும் பெற்றோரின் கவலை பெரும்பாலும் இப்படித்தான் தொடங்கும். அதன்பிறகு எம்.ஆர்.ஐ ஸ்கேன், வலிப்பு இருந்தால் இ.இ.ஜி, பிசியோதெரபி, ஒரு ஆஸ்பத்திரி விட்டு இன்னொரு ஆஸ்பத்திரி என்று வருஷங்கள் ஓடிவிடும். 'மூளை வளர்ச்சி குறைவு' என்று ஃபைலில் எழுதியிருக்கும். 'ஏன் இப்படி ஆச்சு?' என்ற கேள்விக்கு மட்டும் பதில் இருக்காது.

அந்தக் கேள்விக்குப் பதில் தேடும் வழிகளில் ஒன்றுதான் மரபணுப் பரிசோதனை. 'டெஸ்ட் எடுத்தா குணமாகிடுமா?' என்று யோசித்தே பலர் அதைத் தள்ளிப் போடுகிறார்கள். டெஸ்ட் யாரையும் குணமாக்காது. ஆனால் சில குழந்தைகளுக்குச் சிகிச்சையையே மாற்றிவிடும். அடுத்த குழந்தைக்கும் இதே பிரச்னை வருமா என்பதையும் பல நேரம் அதுதான் சொல்லும். அதனால்தான் டெஸ்ட்டை எப்போது எடுக்கிறோம் என்பது முக்கியமாகிறது.

வளர்ச்சித் தாமதம்னா என்ன?

குழந்தையின் வளர்ச்சியை மருத்துவர்கள் சில பிரிவுகளாகப் பார்க்கிறார்கள். உட்காருவது, நடப்பது ஒரு பிரிவு. கையால் பிடிப்பது, எடுப்பது இன்னொன்று. பேச்சு, புரிந்துகொள்ளுதல், மற்றவர்களோடு பழகுதல் ஆகியவை மற்றவை. 5 வயதுக்குள் இருக்கும் குழந்தை இவற்றில் இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட பிரிவுகளில் கணிசமாகப் பின்தங்கியிருந்தால், அது முழுமையான வளர்ச்சித் தாமதம்.

கவனிக்க வேண்டிய அறிகுறிகள் இவை:

• 3 மாதம் ஆகியும் முகம் பார்த்துச் சிரிக்காமல் இருப்பது
• 4 முதல் 5 மாதமாகியும் கழுத்து நிற்காமல் இருப்பது
• 9 மாதமாகியும் பிடிமானம் இல்லாமல் உட்காராமல் இருப்பது
• 18 மாதமாகியும் தனியாக நடக்காமல் இருப்பது
• 2 வயதாகியும் இரண்டு வார்த்தை சேர்த்துப் பேசாமல் இருப்பது
• தலையின் சுற்றளவு வயதுக்கு ரொம்பச் சிறியதாகவோ பெரியதாகவோ இருப்பது
• எந்த வயதிலும், ஏற்கெனவே செய்ததை மறந்துபோவது

கடைசியில் சொன்னது ரொம்ப முக்கியம். நடந்த குழந்தை நடக்காமல் போனாலோ, பேசிய குழந்தை பேச்சை நிறுத்தினாலோ 'பார்த்துக்கலாம்' என்று காத்திருக்கக் கூடாது. 'அவங்க அப்பாவும் லேட்டாத்தான் பேசினாரு' என்ற சமாதானமும் அங்கே செல்லாது.

எம்.ஆர்.ஐ எடுத்தாச்சே, அப்புறம் எதுக்கு இன்னொரு டெஸ்ட்?

எம்.ஆர்.ஐ மூளையின் அமைப்பைக் காட்டும். மூளையின் மேற்பரப்பில் இருக்க வேண்டிய மடிப்புகள் இல்லாமல் வழவழப்பாக இருக்கிறதா, இடது வலது மூளையை இணைக்கும் பாலம் போன்ற பகுதி உருவாகவில்லையா, சிறுமூளை சின்னதாக இருக்கிறதா, நரம்பு இழைகளைச் சுற்றியிருக்கும் வெள்ளைப் பகுதி கெட்டிருக்கிறதா என்பதெல்லாம் அதில் தெரியும்.

ஆனால் என்ன மாறியிருக்கிறது என்பதை ஸ்கேன் சொல்லுமே தவிர, ஏன் மாறியது என்பதை எப்போதும் சொல்லாது. பிரசவத்தில் ஆக்சிஜன் குறைந்திருக்கலாம். குறைமாதப் பிரசவம், கட்டுப்படாத மஞ்சள் காமாலை, பிறந்த உடனே சர்க்கரை அளவு இறங்கியது, கர்ப்பகாலத்தில் தாய்க்கு வந்த ருபெல்லா போன்ற தொற்று, மூளைக்காய்ச்சல் என்று மரபணுவுக்குச் சம்பந்தமில்லாத காரணங்களும் நிறைய உண்டு. இவற்றில் சில ஸ்கேனில் தனி அடையாளத்தை விட்டுச் செல்லும்.

சிக்கல் எங்கே என்றால், 'பிறந்ததும் அழல' என்ற ஒரே வரியை வைத்து எல்லாவற்றையும் பிரசவத்தின் மேல் போட்டுவிடுவது. பிறக்கும்போது பெரிய பிரச்னை இல்லை, ஸ்கேனிலும் ஆக்சிஜன் குறைந்த அடையாளம் இல்லை, ஆனாலும் 'சி.பி' என்று எழுதப்பட்ட குழந்தைகளில் ஒரு பகுதியினருக்கு மரபணு மாற்றமே காரணம் என்று உலகெங்கும் நடந்த ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அப்படிப்பட்ட குடும்பத்தில் 'அது பிரசவத்துல ஆனது, அடுத்தது நல்லா பொறக்கும்' என்று நம்புவது ஆபத்தாக முடியலாம்.

ஜெனடிக் டெஸ்ட்டுக்கு முன்னாடி இதைப் பாருங்க

முதலில் எளிதாகக் கண்டுபிடித்து, எளிதாகச் சரிசெய்யக்கூடிய காரணங்களைத் தவறவிடக் கூடாது. தைராய்டு குறைபாடு அதில் ஒன்று. பிறந்த சில நாட்களில் குதிகாலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்தே கண்டுபிடிக்கலாம். உடனே மாத்திரை தொடங்கினால் மூளை பாதிக்காமல் காப்பாற்றலாம்.

இன்னொன்று வைட்டமின் பி12 குறைபாடு. தாய்க்கு பி12 குறைவாக இருந்து, குழந்தை தாய்ப்பால் மட்டுமே குடித்து வந்தால், 6 மாதத்திலிருந்து ஒன்றரை வயதுக்குள் குழந்தை சோர்ந்து, செய்ததையெல்லாம் மறக்கத் தொடங்கலாம். கை நடுக்கம் வரலாம். எம்.ஆர்.ஐ எடுத்தால் மூளை சுருங்கியதுபோலத் தெரியும். ஊசி போட்டால் நல்ல முன்னேற்றம் கிடைக்கும். அசைவம், பால் பொருட்கள் சேர்க்காத தாய்மார்களின் குழந்தைகளுக்கு இதை மருத்துவர்கள் கட்டாயம் பார்ப்பார்கள். காது கேட்கிறதா, கண் தெரிகிறதா என்ற பரிசோதனையும் இந்தப் பட்டியலில் உண்டு.

என்னென்ன டெஸ்ட் இருக்கு?

சென்னிமலைப் போர்வை ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் குறை இருக்கிறதா என்று பார்க்கப் பல வழிகள் உண்டு. மரபணுப் பரிசோதனையும் அப்படித்தான்.

*கேரியோடைப்:* போர்வையைக் கொடியில் விரித்துத் தள்ளி நின்று பார்ப்பது போல. பெரிய கிழிசல், கூடுதல் துண்டு இருந்தால் தெரியும். டவுன் சிண்ட்ரோம் இதில் தெரிந்துவிடும்.

*குரோமோசோமல் மைக்ரோஅரே:* ஒரு வரிசை இழைகள் விடுபட்டிருக்கிறதா, இரண்டு தடவை நெய்யப்பட்டிருக்கிறதா என்று கிட்டப் போய்ப் பார்ப்பது. காரணம் தெரியாத வளர்ச்சித் தாமதம் உள்ள குழந்தைகளில் 15 முதல் 20 சதவீதம் பேருக்கு இதில் விடை கிடைக்கிறது. கேரியோடைப்பில் கிடைப்பதைவிட இது பல மடங்கு அதிகம்.

*எக்ஸோம்:* முக்கியமான பகுதியை இழை இழையாகச் சோதிப்பது. மனிதனின் டி.என்.ஏ-வில் சுமார் 300 கோடி எழுத்துகள் இருக்கின்றன. அதில் புரதம் தயாரிக்கும் குறிப்பு உள்ள இடம் 2 சதவீதம்கூட இல்லை. அந்தப் பகுதியில் இருக்கும் சுமார் 20,000 மரபணுக்களையும் ஒரே தடவையில் படிப்பதுதான் எக்ஸோம். வளர்ச்சித் தாமதம் உள்ள குழந்தைகளில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு இதில் காரணம் தெரியவருகிறது.

இங்கே ஒரு எச்சரிக்கை. எக்ஸோம் எடுத்தால் எல்லாமே தெரிந்துவிடும் என்பது தவறு. அறிவுத்திறன் குறைபாட்டுக்கும் ஆட்டிசத்துக்கும் முக்கியக் காரணங்களில் ஒன்றான ஃப்ரஜைல் எக்ஸ் அதில் தெரியாது. தனி டெஸ்ட் வேண்டும். தசைச்சிதைவு நோய்களுக்கு எம்.எல்.பி.ஏ என்ற தனிச் சோதனையில் தொடங்குவதுதான் வழக்கம். அதனால் 'பெரிய டெஸ்ட்டாவே எழுதிக் குடுங்க' என்று கேட்பதைவிட, குழந்தையை முழுசாகப் பரிசோதித்த மருத்துவர் எது பொருந்தும் என்று முடிவு செய்வதே செலவையும் குறைக்கும்.

எல்லாவற்றுக்கும் தேவைப்படுவது சில மில்லி ரத்தம்தான். முடிந்தால் அப்பா, அம்மா, குழந்தை மூவரின் ரத்தத்தையும் சேர்த்தே அனுப்புவது நல்லது. ஏன் என்பது அடுத்த பகுதியில் புரியும்.

'எங்க குடும்பத்துல யாருக்குமே இல்லீங்களே!'

மரபணு என்றாலே பரம்பரையாக வருவது என்றுதான் பலர் நினைக்கிறார்கள். இந்தக் குழந்தைகளின் பெற்றோரில் பெரும்பாலோருக்கு எந்தப் பிரச்னையும் இருக்காது. அது எப்படி? மூன்று வழிகள் உண்டு.

முதல் வழி, புதிதாகத் தோன்றிய மாற்றம். அப்பாவிடமும் இல்லை, அம்மாவிடமும் இல்லை. கரு உருவாகும்போது தானாக நடந்தது. யார் மேலும் தப்பு இல்லை. அடுத்த குழந்தைக்கு வரும் வாய்ப்பு ரொம்பக் குறைவு, பொதுவாக 1 சதவீதம் அளவில்.

இரண்டாவது வழி, இருவரிடமும் மறைந்திருப்பது. ஒவ்வொரு மரபணுவும் நம்மிடம் இரண்டு பிரதிகளாக இருக்கிறது. ஒன்று கெட்டிருந்தாலும் இன்னொன்று வேலையைப் பார்த்துக்கொள்ளும். அப்பா, அம்மா இருவரிடமும் ஒரே மரபணுவில் ஒரு பிரதி கெட்டிருந்தால், ஒவ்வொரு கர்ப்பத்திலும் 25 சதவீதம் குழந்தை பாதிக்கப்பட வாய்ப்புண்டு. முதல் குழந்தைக்கு வந்துவிட்டது, இனி மூன்று குழந்தைக்கு வராது என்று அர்த்தமில்லை. ஒவ்வொரு தடவையும் கணக்கு புதிதாகத் தொடங்கும்.

மூன்றாவது வழி, எக்ஸ் குரோமோசோம் வழியாகத் தாயிடமிருந்து வருவது. தாய் நலமாக இருப்பார். பிறக்கும் ஆண் குழந்தைகளுக்கு 50 சதவீதம் வாய்ப்பு.

குழந்தையின் ரிப்போர்ட்டோடு பெற்றோரின் ரத்தத்தையும் ஒப்பிட்டால்தான் இந்த மூன்றில் எது என்று தெரியும். ஒரு குடும்பத்துக்கு 1 சதவீதம், இன்னொரு குடும்பத்துக்கு 25 சதவீதம். வெளியே பார்க்க இரண்டு குழந்தைகளும் ஒரே மாதிரி இருக்கலாம்.

'அவ வீட்டு வம்சம்தான் சரியில்லை', 'கிரகணத்தன்னிக்கு வெளிய போனா' என்று பழி பெரும்பாலும் தாயின் மேல்தான் விழுகிறது. இரண்டாவது வழியில் வரும் நோய்க்கு அப்பாவின் பங்கும் அம்மாவின் பங்கும் சரிபாதி. முதல் வழியில் யாருக்குமே பங்கில்லை. பல குடும்பங்களில் இந்தப் பேச்சுக்கு முற்றுப்புள்ளி வைத்ததே டெஸ்ட் ரிப்போர்ட்தான்.

சொந்தத்துல கல்யாணம் காரணமா?

2019-21இல் எடுக்கப்பட்ட தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் சுமார் 28 சதவீதப் பெண்கள் சொந்தத்திலேயே திருமணம் செய்தவர்கள். நாட்டு அளவில் இது சுமார் 11 சதவீதம்தான்.

மாமன் மகள், அத்தை மகன் திருமணத்தில் இருவரும் தங்கள் மரபணுக்களில் எட்டில் ஒரு பங்கைப் பகிர்ந்துகொள்கிறார்கள். அக்கா மகளைக் கட்டினால் அது நான்கில் ஒரு பங்கு. மறைந்திருக்கும் ஒரே குறை இருவரிடமும் இருக்கும் வாய்ப்பு அதனால் கூடுகிறது. பிறவிக் குறைபாட்டுக்கான வாய்ப்பு எல்லாத் தம்பதிக்கும் 2 முதல் 3 சதவீதம் என்றால், மாமன் மகள், அத்தை மகன் முறையில் அது ஏறத்தாழ இரண்டு மடங்கு. அதாவது, சொந்தத்தில் கட்டியவர்களிலும் பெரும்பாலோருக்கு நல்ல குழந்தைதான் பிறக்கிறது. ஆனால் ஆபத்து இல்லை என்று சொல்ல முடியாது.

கொங்கு வேளாளக் கவுண்டர்களிடம் ஒரே கூட்டத்துக்குள் பெண் எடுக்க மாட்டார்கள், அவர்கள் பங்காளிகள். 'நாங்கதான் கூட்டம் பார்த்துத்தானுங்க கட்டறோம்' என்று சொல்வதுண்டு. கூட்டம் அப்பா வழியில் மட்டும் வருவது. மரபணு இரண்டு வழியிலும் வரும். கூட்டம் வேறாக இருந்தாலும் மாமன் மகள் மாமன் மகள்தான்.

சொந்தமே இல்லாவிட்டாலும், தலைமுறை தலைமுறையாக ஒரே சமூகத்துக்குள் மட்டும் மணம் முடித்தால் ஒரே மூதாதையரிடமிருந்து வந்த குறை பலரிடம் பரவியிருக்கலாம். இது எந்த ஒரு சாதிக்கும் மட்டுமான விஷயமில்லை. வட இந்திய அகர்வால் சமூகத்தில் ஒரு உதாரணம் உண்டு. முதல் வயதிலேயே தலை பெரிதாகி, பிறகு மெல்ல மெல்ல நடை தடுமாறும் மூளை வெள்ளைப்பகுதி நோய் அது. மும்பை நரம்பியல் மருத்துவர் பீம் சிங்கலின் குழு 1990களில் அதை விவரித்தது. பிறகு பார்த்தால், பாதிக்கப்பட்ட அந்தச் சமூகக் குடும்பங்களில் ஒரே மரபணுவில் ஒரே மாற்றம். இப்போது அதற்கு எக்ஸோம்கூடத் தேவையில்லை; அந்த ஒரு இடத்தை மட்டும் பார்த்தால் போதும்.

கோவை சொல்லும் பாடம்

டெஸ்ட் தாமதமானால் என்ன ஆகும் என்பதற்கு டுஷென் தசைச்சிதைவு நோய் நல்ல உதாரணம். 3,500 முதல் 5,000 ஆண் குழந்தைகளில் ஒருவருக்கு வரும் நோய் இது. தாமதமாக நடப்பது, அடிக்கடி விழுவது, தொடையில் கை ஊன்றி எழுவது இதன் அடையாளங்கள். சில சிறுவர்களுக்குப் பேச்சும் படிப்பும் பின்தங்கும். காரணம், தசைக்குத் தேவையான அதே புரதம் மூளையிலும் வேலை செய்கிறது.

அறிகுறி தெளிவாகத் தெரிய 4, 5 வயதாகிவிடும். அதற்குள் தம்பி பிறந்திருப்பான். அண்ணனுக்கு நோய் உறுதியாகும் நாளில் தம்பிக்கும் அதே நோய் இருப்பது தெரியவரும் குடும்பங்கள் உண்டு. தாயின் தங்கை வீட்டிலும் அதே கதை நடக்கலாம்.

கோவையில் இயங்கும் எம்.டி.சி.ஆர்.சி என்ற லாப நோக்கமற்ற ஆராய்ச்சி மையம் இந்த நோயில்தான் கவனம் செலுத்துகிறது. ஒருவருக்கொருவர் உறவில்லாத 961 நோயாளிகளின் மரபணுவை ஆராய்ந்து, 2020இல் அதன் முடிவுகளை வெளியிட்டது. நோயைக் கண்டுபிடிப்பதோடு அடுத்த குழந்தைக்கு வராமல் தடுப்பதும் அந்த ஆய்வின் நோக்கங்களில் ஒன்று.

2021இல் நாமக்கல் மாவட்டத்தைச் சேர்ந்த ஒரு குழந்தையின் எஸ்.எம்.ஏ நோய்க்காக 16 கோடி ரூபாய் மருந்துக்குத் தமிழ்நாடே நிதி திரட்டியதும், மத்திய அரசு இறக்குமதி வரியைத் தள்ளுபடி செய்ததும் பலருக்கு நினைவிருக்கும். எஸ்.எம்.ஏ மேலே சொன்ன இரண்டாவது வழியில் வரும் நோய். அறிவுத்திறன் பாதிக்காது, தசைகள் தளரும். தாயும் தந்தையும் இந்தக் குறையைச் சுமக்கிறார்களா என்பதை ஒரு எளிய ரத்தப் பரிசோதனையிலேயே முன்கூட்டித் தெரிந்துகொள்ளலாம்.

ரிப்போர்ட்ல என்ன வரும்?

மூன்றில் ஒன்று வரும்.

*காரணம் கிடைத்தது:* இந்த மரபணுவில் இந்த மாற்றம், அதுதான் நோய்க்குக் காரணம் என்று தெளிவாக இருக்கும்.

*எதுவும் கிடைக்கவில்லை:* மரபணுக் காரணமே இல்லை என்று அர்த்தமில்லை. இந்த டெஸ்ட்டில், இன்றைய அறிவுக்குத் தெரியவில்லை என்றுதான் அர்த்தம். ஓரிரு ஆண்டுகள் கழித்து அதே தரவை மறுபடி அலசச் சொல்லலாம். புதிதாக ரத்தம் கொடுக்க வேண்டியதில்லை.

*வி.யு.எஸ்:* அதிகம் குழப்புவது இதுதான். ஒரு மாற்றம் இருக்கிறது, ஆனால் அது கெட்டதா சாதாரணமானதா என்று சொல்லப் போதிய ஆதாரம் இல்லை. இதை நோய் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. இதை மட்டும் நம்பி, வயிற்றில் இருக்கும் அடுத்த குழந்தையைப் பற்றி எந்த முடிவும் எடுக்கக் கூடாது.

இந்தியர்களுக்கு வி.யு.எஸ் அதிகம் வர ஒரு காரணம், ஒப்பிட்டுப் பார்க்கும் தரவுகளில் பெரும்பகுதி ஐரோப்பிய வம்சாவளியினருடையது. ஜீனோம் இந்தியா திட்டத்தில் 10,000 இந்தியர்களின் மரபணுத் தொகுப்பு படிக்கப்பட்டு, 2025 ஜனவரியில் ஆராய்ச்சியாளர்களுக்குத் திறந்துவிடப்பட்டது. இதுபோன்ற தரவு கூடக்கூடக் குழப்பம் குறையும்.

காரணம் தெரிஞ்சா குழந்தைக்கு என்ன பயன்?

சில நோய்களில் பயன் நேரடியானது. பயோட்டினிடேஸ் குறைபாட்டுக்கு மருந்து ஒரு வைட்டமின் மாத்திரைதான். ஒருவகை வலிப்புக்கு வைட்டமின் பி6 போதும். மூளைக்குச் சர்க்கரை போய்ச் சேராத குளுட்1 குறைபாட்டுக்குக் கொழுப்பு அதிகமான கீட்டோ உணவு நல்ல பலன் தரும். ட்ரவே சிண்ட்ரோம் என்று தெரிந்தால், வலிப்பை அதிகமாக்கக்கூடிய கார்பமாசெபின் போன்ற மாத்திரைகளைத் தவிர்ப்பார்கள்.

மற்றவர்களுக்கும் பயன் உண்டு. எந்த உறுப்பைக் கண்காணிக்க வேண்டும், எதை எதிர்பார்க்கலாம் என்று தெரியும். தேவையில்லாத ஸ்கேன்கள், 'மூளையைச் சரிபண்றோம்' என்று பணம் பறிக்கும் ஸ்டெம்செல் விளம்பரங்கள் பின்னால் ஓடுவது நிற்கும். ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. பிசியோதெரபி, பேச்சுப் பயிற்சி, தொழில்வழிப் பயிற்சி எதுவும் ரிப்போர்ட்டுக்காகக் காத்திருக்கக் கூடாது. அவற்றை முதல் நாளே தொடங்க வேண்டும்.

அடுத்த குழந்தை: நேரக் கணக்கு

எக்ஸோம் ரிப்போர்ட் வரப் பொதுவாக 4 முதல் 6 வாரம் ஆகும். பெற்றோரின் ரத்தத்தில் உறுதிசெய்ய இன்னும் சில வாரம். கர்ப்பத்தில் குழந்தைக்கு அதே மாற்றம் இருக்கிறதா என்று பார்க்க, 11 முதல் 14 வாரத்தில் நஞ்சுக்கொடித் திசுவை எடுக்கலாம். அல்லது 16வது வாரத்திலிருந்து பனிக்குட நீரை எடுக்கலாம். அதன் முடிவு வர 2, 3 வாரம்.

இப்போது கூட்டிப் பாருங்கள். 8வது வாரத்தில் கர்ப்பம் தெரிந்து, அதன்பிறகுதான் முதல் குழந்தைக்கு டெஸ்ட் அனுப்பினால், எல்லாம் முடிய 20 வாரத்தை நெருங்கிவிடும். 2021இல் திருத்தப்பட்ட கருக்கலைப்புச் சட்டம், குறிப்பிட்ட காரணங்களுக்கு இரண்டு மருத்துவர்களின் ஒப்புதலோடு 24 வாரம் வரை அனுமதிக்கிறது. கருவில் கடுமையான குறைபாடு என்றால் அதற்குப் பிறகும் மருத்துவக் குழு முடிவெடுக்கலாம். ஆனாலும் அந்த நிலையில் முடிவெடுப்பது எந்தக் குடும்பத்துக்கும் எளிதல்ல.

கர்ப்பத்துக்கு முன்பே முதல் குழந்தையின் காரணம் தெரிந்திருந்தால், 11வது வாரத்திலேயே சோதித்து நிம்மதியாக இருக்கலாம். தொடர்வதா வேண்டாமா என்பது பெற்றோரின் முடிவு மட்டுமே. மருத்துவர் தகவல் தருவார், தீர்ப்புச் சொல்ல மாட்டார். இந்தச் சோதனைகளைப் பதிவுபெற்ற மையத்தில்தான் செய்ய முடியும். குழந்தை ஆணா பெண்ணா என்று சொல்வது சட்டப்படி குற்றம்.

இன்னொரு விஷயம், சொல்லக் கஷ்டமானது. குழந்தையின் உடல்நிலை மோசமாக இருந்தால், உடனே டெஸ்ட் செய்ய வசதி இல்லாவிட்டாலும் டி.என்.ஏ-வைப் பிரித்துச் சேமித்து வைக்கும்படி மருத்துவரிடம் கேளுங்கள். குழந்தை இல்லாமல் போனபின் காரணத்தைத் தேடுவது ரொம்பக் கடினம்.

எங்க போகணும்? யார்கிட்ட உதவி கேட்கலாம்?

• அங்கன்வாடி, பள்ளிகளுக்கு வரும் ஆர்.பி.எஸ்.கே மருத்துவக் குழு 18 வயது வரையிலான குழந்தைகளைப் பரிசோதிக்கிறது. வளர்ச்சித் தாமதம் இருந்தால் மாவட்ட அளவிலான ஆரம்பநிலைத் தலையீட்டு மையத்துக்கு அனுப்புவார்கள். இந்தச் சேவை இலவசம்.
• கோவையைச் சுற்றியுள்ளவர்கள் திருச்சி சாலையிலுள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் குழந்தைகள் பிரிவில் தொடங்கலாம். வேலூர் சி.எம்.சி-யில் மரபணு மருத்துவத்துக்குத் தனித் துறை இருக்கிறது.
• தேசிய அரிய நோய்க் கொள்கை 2021இல் வந்தது. அதன்கீழ் சென்னை எழும்பூர் குழந்தைகள் நல மருத்துவமனை சிறப்பு மையமாக அறிவிக்கப்பட்டுள்ளது. பட்டியலில் உள்ள நோய்களின் சிகிச்சைக்கு, சிறப்பு மையங்கள் வழியாக 50 லட்சம் ரூபாய் வரை உதவி கிடைக்கும்.
• மாற்றுத்திறனாளி அடையாள அட்டை வாங்கிவிடுங்கள். அறிவுத்திறன் குறைபாடு, பெருமூளை வாதம், ஆட்டிசம் உள்ளவர்களுக்கு நேஷனல் டிரஸ்ட்டின் நிராமயா காப்பீட்டில் ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும்.

தனியார் லேப்களில் எக்ஸோமுக்குப் பல ஆயிரம் ரூபாய் ஆகும். அதனால் பணம் கட்டுவதற்கு முன் மருத்துவரிடம் இந்தக் கேள்விகளைக் கேளுங்கள்:

1. என் குழந்தைக்கு இந்த டெஸ்ட்டைத்தான் முதலில் எடுக்கணுமா? ஏன்?
2. இதில் எதெல்லாம் தெரியாது?
3. எங்கள் ரெண்டு பேர் ரத்தமும் சேர்த்தே அனுப்பலாமா? அதற்குத் தனிச் செலவு உண்டா?
4. ரிப்போர்ட்டை எங்களுக்கு உட்கார்ந்து விளக்கப் போவது யார்?
5. விடை கிடைக்கலைன்னா மறுபடி எப்ப அலசுவீங்க?

நான்காவது கேள்விக்குத் தெளிவான பதில் இல்லையென்றால், டெஸ்ட்டுக்கு முன்பே ஒரு மரபணு ஆலோசகரையோ மரபணு மருத்துவரையோ பார்த்துவிடுவது நல்லது. ரிப்போர்ட் வந்ததும் அதை ஃபைலில் பத்திரமாக வைத்து, ஒரு நகலைச் சித்தி, அத்தை, தாய்மாமன் வீடுகளிலும் கொடுங்கள். கல்யாணம் ஆகப்போகிற, குழந்தை பெறப்போகிற அந்த வீட்டுப் பிள்ளைகளுக்கும் அதில் ஒரு பதில் இருக்கலாம்.